டிரம் செட்டுக்கு வயது சொல்கிறவர்

லிஃப்ட்காரருக்குத் தாளம் வராது. வராது என்றால் சுத்தமாக வராது. பிறந்தநாள் வீடுகளில் எல்லாரும் சேர்ந்து கை தட்டும்போது அவர் கை மட்டும் தனியாக ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவர்களும் குழம்பிப்போவதால், மெழுகுவத்தி ஏற்றுகிற நேரம் பார்த்து அவர் கையில் யாருடைய குழந்தையையாவது கொடுத்துவிடுவது அவர் மனைவியின் ஏற்பாடு. குழந்தை இல்லாவிட்டால் ஹேண்ட்பேக்.

அப்பேர்ப்பட்ட மனிதரைத் தேடித்தான் ஊரில் பழைய டிரம் செட் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். இது எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருஷத்துச் சரக்கு, எது கூடவே பிறந்தது, எது பிற்பாடு யாரோ கொண்டுவந்து மாட்டியது என்று அவர் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். அதை ஒருதரம் தட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன் என்று யாராவது குச்சியை நீட்டினால் அவருக்குக் கோபம் வரும். சத்தத்தை வைத்து வயது சொல்கிறவன் கிளி ஜோசியக்காரன் என்பது அவர் கட்சி.

பிழைப்பு லிஃப்ட் ரிப்பேர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலை. ஒரு பழைய ஹோட்டலில் லிஃப்ட் பிரேக் பழுதாகி, புது காயில் வந்து சேரட்டும் என்று கீழ்த்தளத்து அறையில் காத்துக்கிடந்தபோதுதான் முதல் டிரம் செட்டைப் பார்த்தார். உடைந்த கட்டில்களுக்கும் சுருட்டிய கம்பளங்களுக்கும் நடுவில் தூசி மூடிக் கிடந்தது. பொழுது போகவில்லை. ஸ்க்ரூக்களைப் பார்த்தார். எல்லாம் ஒற்றைக் கோடு கீறிய தலை. இரண்டு மட்டும் கூட்டல் குறி போட்ட தலை. யாரோ நடுவில் கை வைத்திருக்கிறான் என்று அவருக்கு உடனே எரிச்சல் வந்தது. லிஃப்டில் தப்பான ஸ்க்ரூ இருந்தால் ஆள் கீழே போவார். டிரம்மில் அப்படி யாரும் போகப்போவதில்லை என்றாலும் தப்பு தப்புதானே என்று அவருக்குப் பட்டது.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற ஹோட்டல், மண்டபம், கிளப் எல்லா இடத்திலும் கீழ்த்தளத்தைத் திறந்து காட்டச் சொன்னார். பழைய விலைப்பட்டியல்களையும் போட்டோக்களையும் சேர்த்தார். துணி வைக்கிற அலமாரியில் ஒரு தட்டு போயிற்று, பிறகு இரண்டு தட்டு போயிற்று. மனைவி மூன்றாவது தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல வந்தீங்கன்னா நீங்களும் உங்க டிரம்மும் வாசல்ல" என்றதும் நிறுத்திக்கொண்டார்.

கற்றுக்கொண்டதெல்லாம் இப்படி: காற்று போவதற்கென்று டிரம்மின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், அதைச் சுற்றித்தான் கம்பெனி பேட்ஜைப் பதிப்பார்கள். பேட்ஜில் எண் இருக்கும். அந்த எண்ணை நம்பி வருஷம் சொல்கிறவன் அரைகுறை. தொழிற்சாலையில் பேட்ஜ்களை டப்பாவில் கொட்டி வைத்திருப்பார்கள், கைக்கு வந்ததை எடுத்து அடிப்பார்கள், நேற்றைய எண் நாளைய டிரம்மில் உட்காரும். ஆகவே உள்ளே பார்க்க வேண்டும். பலகையின் அடுக்குகளை எண்ண வேண்டும். உள்பக்கம் வெள்ளை பூசியதா, வெறும் வார்னிஷா என்று பார்க்க வேண்டும். தோலை இழுத்துப் பிடிக்கிற இரும்புக் காதுகள் உண்டே, லக் என்பார்கள், அதைக் கழற்றினால் அடியில் வெயில் படாத இடத்தில் பிறந்தபோதிருந்த நிறம் அப்படியே இருக்கும். கடைசியாக ஸ்க்ரூ. பேட்ஜை மாற்றுகிறவன் உண்டு, பெயின்டை மாற்றுகிறவன் உண்டு, ஸ்க்ரூவில் மாட்டிக்கொள்ளாதவன் இன்னும் பிறக்கவில்லை என்பார் லிஃப்ட்காரர்.

சனிக்கிழமை சாயங்காலம் பேக்கரிக்காரர் கடைக்குப் பின்னால், மாவு மூட்டை அடுக்கிய அறையில், இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கூடுவார்கள். பேக்கரிக்காரர், ஒரு பல் டாக்டர், மண்டபங்களில் வாசிக்கிற சிலர். யாராவது ஒருவர் ஒரு செட்டைக் கொண்டுவருவார். லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்துப் பேட்ஜிலிருந்து ஆரம்பிப்பார். சரியாக இருந்தால் தோலைக் கழற்றச் சொல்லி உள்ளே தலையை விடுவார். அதற்கப்புறம் அவர் வாயை மூட வைக்க யாராலும் முடியாது. டீ ஆறும், பேக்கரியில் பன் தீரும், வீட்டிலிருந்து போன் வரும், அவர் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருப்பார். தப்பான ஸ்க்ரூ ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் வேறு கதை. டார்ச் அணையும், பைக்குள் போகும், அவர் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

முதல் தப்பான ஸ்க்ரூவோடு நிறுத்திக்கொள்வது அந்தக் கூட்டத்தில் மரியாதை. அதற்கு மேல் தோண்டினால் உடையவனுக்குத்தான் வலி. ஆகவே டார்ச் பைக்குள் போனால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. பல் டாக்டர் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த செட்டுக்கு ஒருமுறை அந்தக் கதி நேர்ந்தது. அவர் அதைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். சில வாரம் கழித்து லிஃப்ட்காரர் பல்வலி என்று அவரிடம் போய் வாயைத் திறந்தார். டாக்டர் கைவிளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார், விளக்கை அணைத்தார், கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். லிஃப்ட்காரருக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள்.

அவருக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை. ஒருநாள் சாப்பிடும்போது, தான் ஒருவரை விரும்புவதாகவும் அவர் பிசியோதெரபிஸ்ட் என்றும் நல்ல குடும்பம் என்றும் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மாவும் அப்பாவும் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வாரக் கடைசில பேண்ட்ல டிரம்ஸ் வாசிப்பார்" என்றாள்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். "எந்த வருஷம்?"

"அவருக்கு முப்பத்தி நாலுப்பா."

"செட்டு."

மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "பார்த்தியாம்மா? இதுக்குத்தான் இத்தனை நாளா சொல்லாம இருந்தேன்."

விஷயம் இதுதான். அந்தப் பையன் பத்து வயதில் இருந்தபோது அவன் அப்பா ஒரு பழைய டிரம் செட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பேர்பெற்ற கம்பெனியின் ஆதிகால மாடல். பயணிகள் கப்பலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது தள்ளிவிட்டுப் போனதாம். அப்பா இப்போது இல்லை. பையன் அந்தச் செட்டை வீட்டை விட்டு வெளியே எடுப்பதில்லை. மண்டபங்களில் இருக்கிற செட்டில்தான் வாசிப்பு. பெண் வீட்டார் வரும்போது அவள் அப்பாவே அதைப் பார்த்து வருஷம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறான்.

"அப்பா, அது ஒரிஜினலா இருந்தா நீங்க விடிய விடியப் பேசுங்க. இல்லைன்னா ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாயே திறக்கக் கூடாது. எனக்காக" என்றாள் மகள். லிஃப்ட்காரர் சத்தியம் செய்தார். மனைவி அந்தச் சத்தியத்தை இரண்டுமுறை செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பையன் வீடு ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது தளம். லிஃப்ட் ஏறும்போது மேலே கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. லிஃப்ட்காரர் காதைத் தீட்டினார். மனைவி கையில் கிள்ளினாள். உள்ளே சுத்தமான வீடு, ஜன்னலோரம் துணி காயப்போடுகிற ஸ்டாண்டு, சுவரில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் சிரிக்காமல் பார்க்கிற போட்டோ. அது பையனின் அப்பா; அலுவலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நாற்காலி மேஜை செய்கிற பட்டறையில் பலகையை அழுத்தி வளைக்கிற இயந்திரத்தில் இருந்தவர் என்று பையனின் அம்மா சொன்னார். அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். டீயும் பிஸ்கட்டும் வந்தன. மூலையில் வெள்ளை விரிப்பு மூடியபடி செட் நின்றது. அந்த விரிப்பை ஆஸ்பத்திரியில் மடிக்கிற மாதிரி நான்கு மூலையும் இழுத்துச் செருகியிருந்தார்கள்.

பையன் விரிப்பை எடுத்தான். பச்சையும் வெள்ளையும் கலந்து மினுமினுக்கிற மேலுறை. பெரிய டிரம் ஒன்று, சின்னது மூன்று. "மாமா, நீங்கதான் சொல்லணும். எந்த வருஷமா இருந்தாலும் பரவாயில்ல, எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றான். அவன் முகம் அப்போது பத்து வயதுப் பிள்ளையின் முகமாகத்தான் இருந்தது.

லிஃப்ட்காரர் டார்ச்சை எடுத்தார். முதலில் பேட்ஜ். வெளிச்சம் பட்டதும் குனிந்து இன்னும் கிட்டே போனார். அசல். அந்தக் கம்பெனியின் மிகப் பழைய பேட்ஜ், ஓரம் தேய்ந்து, எழுத்து மங்கி, ஒரு குறை சொல்ல முடியாத பேட்ஜ். இதுபோல ஒன்றை போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். சந்தோஷத்தோடு டார்ச்சைக் கீழே இறக்கினார். லக்கின் ஸ்க்ரூ. கூட்டல் குறி. அதுவும் எந்த டிரம் கம்பெனியும் எந்தக் காலத்திலும் கையால் தொட்டிராத ஸ்க்ரூ.

டார்ச் அணைந்து பைக்குள் போனதை அவர் கவனிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார், டீயை எடுத்தார், கொடுத்த வாக்குப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் கொஞ்ச நேரம் அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விரிப்பை எடுத்து மூடினான். இந்த முறை மூலைகளைச் செருகவில்லை.

"ரொம்ப சமத்தா இருந்தீங்க" என்றாள் மனைவி, லிஃப்டில் இறங்கும்போது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

மண்டபத்தில் வாசிக்கிறவனுக்குப் பேக்கரிக் கூட்டத்தின் டார்ச் வழக்கம் தெரியாமல் இருக்குமா? இது அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் முழுக்கப் பையன் போன் செய்யவில்லை. அதற்கடுத்த வாரம் கண்ணாடிக் கடைக்கு வந்து, கல்யாணத் தேதி பற்றி இப்போது பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பா முன்னால் நின்றாள்.

"என்னப்பா சொன்னீங்க அவர்கிட்ட?"

"நான் வாயே திறக்கலியேம்மா."

"உங்க வாய் எங்கப்பா இருக்கு? சட்டைப் பைலதானே இருக்கு! 'உங்கப்பா எங்கப்பாவைப் பார்த்து டார்ச்சை உள்ள வெச்சுட்டார்'னு சொல்றாருப்பா. அவங்கப்பா ஏமாந்து வாங்கினாரா, இல்ல தெரிஞ்சே தன்னை ஏமாத்தினாரான்னு தினம் அதையே நினைச்சிட்டிருக்காராம். உங்க முகத்தைப் பார்த்தா அந்த டார்ச்தான் ஞாபகம் வருமாம். இந்த வீட்ல வந்து எப்படி உட்கார்றதுன்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்லட்டும்?"

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. அவருக்கும் அழுகை வந்தது. உலகத்திலுள்ள எல்லா டிரம்மையும் ஸ்க்ரூவையும் ஒருபக்கம் வைத்து மகளை இன்னொரு பக்கம் வைத்தால் அவருக்கு மகள்தான் பெரிது. அதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அப்படி வைத்துப் பார்க்க வேண்டிய நாள் வரும் என்றும் அவர் நினைத்ததில்லை. மனைவி திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

போய்ப் பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். இன்ன வருஷம், இன்ன மாடல், அபூர்வமான சரக்கு என்று நான்கு வார்த்தை. குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். அவர் முகம் அவரையே நம்பவில்லை. சரி, அந்தத் தகப்பனாருக்கு யாரோ பட்டை நாமம் போட்டிருக்கிறான் என்று சொன்னால்? எங்கேயோ உடைந்த டிரம்மிலிருந்து அசல் பேட்ஜைப் பெயர்த்து, கண்ட குப்பையில் பதித்து, கப்பல் கதை சொல்லி விற்றிருக்கிறான். அதைச் சொன்னால் பெரியவர் ஏமாளி ஆவார். சொல்லாவிட்டால் எத்தன் ஆவார். இரண்டும் வாயில் வரவில்லை.

இப்படி இருக்கும்போது ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை. மொட்டைமாடி இயந்திர அறையில் உட்காரப் போட்டிருந்த நாற்காலியின் முதுகு ஆடியது. ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முறுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அகலமான தட்டைத் தலை, கூட்டல் குறி, ஓரத்தைச் சுற்றி மெல்லிய ஒரு வரை. அந்த ஸ்க்ரூ. பையன் வீட்டில் பார்த்த அதே ஸ்க்ரூ.

நாற்காலி ஸ்க்ரூ! போலி செய்து விற்கிறவன் ஏன் நாற்காலி ஸ்க்ரூவைப் போடுகிறான்? அவன் அசலைப்போல ஒன்றைத் தேடி எடுப்பான், கிடைக்காவிட்டால் நான்கு விதமாகக் கலந்து போடுவான். அங்கே எல்லாமே ஒரே ஸ்க்ரூ. முதல் லக்கில் பார்த்தபோதே மற்றவற்றிலும் அதே தலைகள் கண்ணில் பட்டிருந்தன. பட்டும் அவர் பார்க்கவில்லை, டார்ச்சை அணைத்துவிட்டிருந்தார். கிரீஸ் கையோடு கீழே ஓடி மகளுக்குப் போன் செய்தார். "கிளம்பி வா. அந்தத் தம்பி வீட்டுக்குப் போகணும்."

"எதுக்குப்பா? மிச்சத்தையும் கெடுக்கவா?"

"வாம்மா. திறந்து பார்க்கணும்."

சாயங்காலம் போனார்கள். பையன் கதவைத் திறந்து வாங்க என்று சொன்னான், சொல்ல வேண்டுமே என்று. அவன் அம்மா சாப்பாட்டு மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பையன் உட்காரச் சொல்லவில்லை. "மாமா, எனக்கு வருஷமெல்லாம் வேண்டாம். எங்கப்பா ஏமாந்தாரா, ஏமாத்தினாரா? அது ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க."

"திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும், தம்பி."

"அன்னைக்கே ஏன் திறக்கல?"

"தப்பு" என்றார் லிஃப்ட்காரர். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்க அவர் மனைவி அங்கே இல்லாமல் போனது பெரிய நஷ்டம்.

பெரிய டிரம்மைத் தரையில் சாய்த்துப் போட்டுத் தோலைக் கழற்றினார். உள்பக்கம் பழுப்பு பெயின்ட். பையன் எத்தனையோ முறை தோல் மாற்றியிருக்கிறான். உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எப்படி இல்லை என்று தெரியும்? வட்டமாக வளைத்த பலகையில் ஒரு மூட்டு இருக்க வேண்டும். இங்கே நான்கு இருந்தது. ஒவ்வொரு மூட்டுக்கும் உள்ளே ஒரு மரப்பட்டை வைத்து ஒட்டி, உளியால் சீவி, பெயின்ட் பூசி மறைத்திருந்தது. லிஃப்ட்காரர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு எழுந்து, கேட்காமல் கொள்ளாமல், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து அதன் முதுகை டிரம்மின் வளைவில் வைத்தார். அது அப்படியே பொருந்தி உட்கார்ந்தது.

"இந்த நாற்காலி ஏது?"

"அவர் பட்டறைல செஞ்சதுதான். கழிச்சுப் போட்டதைக் கொண்டுவந்தார்" என்றார் பையனின் அம்மா.

லிஃப்ட்காரர் ஒரு லக்கைக் கழற்றினார். மேஜை இழுப்பறையின் கைப்பிடி. அதன் வயிற்றில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்திருந்தது. மேலுறையின் ஓரத்தை நிமிண்டினார். மேஜைமேல் ஒட்டுகிற ஷீட். சின்ன டிரம்களைத் திறந்தார். வளைவு குறுகலாக இருந்தது; பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்காலி முதுகு. இப்போது அவர் பேச ஆரம்பித்தார். யாராலும் நிறுத்த முடியவில்லை. நான்கு முதுகைச் சேர்த்து ஒரு வட்டம் வர வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு சீவ வேண்டும், ஒன்றில் ஒரு நூல் கூடினால் மொத்தமும் முட்டையாகிவிடும், இந்த ஆள் எத்தனை முதுகை வீணாக்கிவிட்டு இதைக் கற்றுக்கொண்டிருப்பார், பார், இந்த ஓரத்தைப் பார், தோல் உட்காருகிற ஓரம், கம்பெனிக்காரன் இயந்திரத்தில் போடுவதை இவர் உப்புத்தாளில் போட்டிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் குரல் கம்மியது. டிரம்முக்குள் தலை இருந்ததால் அது வெளியே பெரிதாகக் கேட்டது.

பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்போ கப்பல்?"

"கப்பலும் இல்ல, கப்பல்ல வாசிச்ச ஆளும் இல்ல."

"அந்த பேட்ஜ்?"

"அது நிஜம். எங்கேயோ உடைஞ்சு கிடந்ததுலேர்ந்து எடுத்திருக்கார். இந்த செட்டுல பொய்யான சாமான் அது ஒண்ணுதான்."

பையன் பேட்ஜைத் தொட்டான். "நான்தான் கேட்டேன்" என்றான். "கூடப் படிச்ச பையன் வீட்ல இந்தக் கம்பெனி பேட்ஜ் போட்ட செட்டு இருந்தது. இது இல்லாத செட்டு வேண்டவே வேண்டாம்னு சொல்லி ரெண்டு நாள் சாப்பிடல." மகள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பையன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. "ஏமாத்தினார், தம்பி" என்றார். "உங்கப்பா யார்கிட்டயும் ஏமாறல. உங்களைத்தான் நல்லாத் திட்டம் போட்டு ஏமாத்தியிருக்கார்."

கீரையை வைத்துவிட்டு அம்மாள் எழுந்து வந்தார். "என்ன சம்பந்தி சொல்றீங்க? அந்த மனுஷன் வீட்ல ஒரு ஆணி அடிச்சதில்ல. இதை எப்ப செய்வார்?"

"அதைத்தாம்மா நானும் கேக்கணும். இதுக்கு விலைப்பட்டியல் கிடையாது, நீங்க சொன்னாத்தான் உண்டு. இவருக்குப் பத்து வயசா இருந்தப்ப, அவர் பட்டறை லீவுல வீட்ல இல்லாம எங்கேயாவது போனாரா?"

அம்மாள் யோசிக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போனார். சீட்டாட. அது ஒரு காலம், அந்தக் கருமத்தை ஏன் கேக்கறீங்க. காலைல போனா இருட்டினப்புறம்தான் வருவார். கையெல்லாம் ஒரே பிசினா இருக்கும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "சீட்டாடறவன் கைல பிசின் எதுக்கு" என்றார், மெதுவாக.

"எப்ப ஆரம்பிச்சது?"

"மழை பிடிச்சப்ப. நான் அவரோட பேசறதை விட்டது அப்பதான். சோறு போடுவேன், துணி துவைச்சு வைப்பேன், பேச மாட்டேன்."

"எப்ப பேசினீங்க?"

"இவனுக்குன்னு இந்தச் சனியன் வீட்டுக்கு வந்த வாரம். டொம் டொம்னு தட்டி உயிரை வாங்கினான். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கன்னு அவர்கிட்டதான் போய்ச் சொன்னேன். அதுதான் முதல்ல பேசினது. அப்ப பரீட்சை நேரம்."

லிஃப்ட்காரர் எழுந்து நின்றுகொண்டார். மாவு மூட்டை அறையில்கூட அவர் எழுந்து நின்று சொன்னதில்லை. "இவருக்குப் பத்து வயசான வருஷம் மழைக்கு ஆரம்பிச்சு பரீட்சைக்கு முன்னாடி முடிஞ்சது. ஒரே ஆள் செஞ்சது. ஒரே மாடல், ஒரே செட்டு. அதுக்கப்புறம் யாரும் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாத்தல. முழுசும் ஒரிஜினல்."

பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மகளைப் பார்த்து, "உங்கப்பாவைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு" என்றான். பிறகு தானே திரும்பி, "மாமா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும். அத்தையையும் வரச் சொல்லிப் போன் பண்ணுங்க" என்றான். மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, ஆனால் அது பிழைத்துப் போ என்று விட்டுவிடுகிற கோபம்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

அம்மாள் யாரையும் கவனிக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து, திறந்து கிடந்த பெரிய டிரம்முக்குள் கையை விட்டார். மூட்டுக்கு மூட்டு ஒட்டியிருந்த மரப்பட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். எல்லாரும் அவர் அழப்போகிறார் என்று பார்த்தார்கள். அவர் அழவில்லை. லிஃப்ட்காரர் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், கழற்றிய ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சீட்டாடப் போறேன்னு அவர் ஒருநாளும் சொன்னதில்ல" என்றார் அம்மாள். "நான்தான் சொன்னேன்."